கார் ஆடிய மாதங்கள்

எங்கள் மகள் எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம். பிறந்த சில நாட்களிலிருந்து ஓர் இல்லத்தில் வளர்ந்தவள். தத்தெடுக்க விண்ணப்பித்துவிட்டு நானும் கணவரும் மூன்றரை வருடம் காத்திருந்தோம். ஒரு கட்டத்தில் காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோய்விட்டது. பள்ளியில் பத்தாம் வகுப்புக்குத் தொடுகோடு நடத்திக்கொண்டிருந்த ஒரு காலையில் மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து கரும்பலகையில் பாதியில் விட்ட வட்டத்தை முடிக்கப் பார்த்தேன். அது முட்டை மாதிரி ஆயிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இல்லத்தில் அவளை என் கையில் கொடுத்தபோது அவள் அழவில்லை. என் கழுத்துச் சங்கிலியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான். "நல்லாத் தூங்குவா மேடம், தொந்தரவே இருக்காது" என்று அங்கிருந்த ஆயா சொல்லி அனுப்பினார்.

ஆர்.எஸ்.புரத்தில் எங்களுடையது மாடி வீடு. வாங்கி வைத்திருந்த பொம்மைகள், புது மெத்தை, உத்தரத்துக் கொக்கியில் என் பழைய பருத்திச் சேலையில் கட்டிய தொட்டில் எல்லாம் அவளுக்காகத் தயாராக இருந்தன. அவள் எதிலும் தூங்கவில்லை. தொட்டிலில் போட்டால் மூச்சு முட்டுகிற மாதிரி அலறினாள். மெத்தையில் படுக்க வைத்தால் எழுந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தோளில் போட்டுத் தட்டினால் தலையைச் சாய்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கவே முடியாமல் கண் சொருகும். இருபது நிமிடத்தில் திடுக்கிட்டு விழிப்பாள். விழித்ததும் முதல் வேலையாக அறையை ஒரு சுற்றுப் பார்ப்பாள், யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று எண்ணுவதுபோல.

"புது எடம், புது ஆளுக. நாளாகும்மா" என்றார் குழந்தை டாக்டர். எத்தனை நாள் என்று அவர் சொல்லவில்லை.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அந்த டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடியிருந்தார்கள். கார் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி, ஏறி, ஏறிய பிறகும் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடி, பிறகுதான் அடங்கியது. பின்சீட்டில் குழந்தைகளுக்கான இருக்கையில் கட்டி வைத்திருந்தவளின் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். விழித்துவிட்டாள். திரும்பவும் கிளம்பினேன். தூங்கினாள்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணி வாக்கில் அவளைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தேன். பள்ளியில் நீண்ட விடுப்பு கொடுத்திருந்தார்கள். கணவர் பம்ப் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறார். காலை ஏழரைக்கே பஸ் பிடித்துப் போய்விடுவார். கார் என்னிடம்தான். பதினோரு வருடப் பழைய கார். அவருடன் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கியது.

முதலில் ஊருக்குள்ளேயே சுற்றினேன். சிக்னலில் நின்றால் விழித்துக்கொள்கிறாள் என்று தெரிந்ததும் திருச்சி ரோட்டைப் பிடித்தேன். சூலூர் தாண்டினேன். பிறகு பல்லடம். பல்லடத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். கண்ணாடியை ஏற்றியிருந்தாலும் அந்தத் தடதடப்பு காருக்குள் வரும். அதைத் தாண்டினால் நீள நீளமான கோழிப் பண்ணைகள், அவற்றுக்கு மேலே காற்றாலைகள். பகல் வெயிலில் அந்த வெள்ளை இறக்கைகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் கார் நகரவில்லை, அவைதான் எங்களை நோக்கி மிதந்து வருகின்றன என்று தோன்றும். ரோடு தூரத்தில் தண்ணீராகத் தெரியும். போகப் போக அது விலகிப்போகும். கார் பரிசல் மாதிரி ஆடும். பாலத்தில் ஏறும்போது மூக்கைத் தூக்கும், இறங்கும்போது தழைக்கும். பின்னால் மகள் மூச்சு விடுவது கேட்கும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரவில் நானும் தூங்குவதில்லை. ஆகவே அந்த நாட்களில் எது நடந்தது, எதை நினைத்துக்கொண்டேன் என்று பிரித்துச் சொல்ல இப்போது என்னால் முடியவில்லை. ரோட்டோரத்து ஊர்ப் பலகைகளை வாய்விட்டு வாசித்தது நினைவிருக்கிறது. ஒரு முறை காங்கேயத்துக்குப் போய்த் திரும்பி வந்து, வீட்டுப் படியில் கால் வைத்த பிறகு, எந்த வழியாகத் திரும்பினோம் என்று யோசித்து யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் காரை ஓட்டினார். வடகோவை மேம்பாலத்தில் இறங்கும்போதே முகத்தைச் சுளித்தார்.

"ஷாக் அப்சார்பர் நாலும் போயிருச்சு. கார் நிக்கவே மாட்டேங்குது பாரு, ஆடிட்டே இருக்குது. மாத்தியாகணும்."

"சரிங்க. அடுத்த வாரம் விடறேன்" என்றேன்.

அடுத்த வாரம் விடவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் கேட்டார். பட்டறையில் கூட்டமாக இருக்கிறதாம் என்று சொன்னேன். அது பொய். நான் எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. கார் ஆடுவது நின்றுவிட்டால் அவள் தூங்குவது நின்றுவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அவர் இரண்டாம் முறைக்கு மேல் கேட்கவில்லை. முன்பக்கம் இடது சக்கரத்திலிருந்து டக் டக்கென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. அதையும் தாலாட்டில் சேர்த்துக்கொண்டேன்.

அப்படியே நாலரை மாதம் ஓடிவிட்டது.

அன்று காங்கேயத்தையும் தாண்டிப் போயிருந்தோம். காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் வழியெல்லாம் கொப்பரைக் களங்கள். உடைத்த தேங்காய்களை ஆயிரக்கணக்கில் மல்லாத்தி வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். வெள்ளை வெள்ளையாகத் தரை முழுக்கப் பரவிக் கிடக்கும். கண்ணாடியை இறக்கினால் தேங்காய் எண்ணெய் வாசம். அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது ரொம்ப நேரம் கண்ணுக்குள் நின்றது.

அப்புறம் முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ இருந்தது. தேங்காய்ச் சிரட்டை ஏற்றிய ஆட்டோ, ரோட்டின் குறுக்கே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். காரின் மூக்கு தரையைத் தொடுவதுபோல் அப்படியே முன்னால் கவிழ்ந்தது. பின்பக்கம் எடையே இல்லாமல் ஒரு பக்கமாக விலகியது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். தார் ரோட்டின் விளிம்பிலிருந்து முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, கீழே இருந்து டம்மென்று ஒரு அடி விழுந்தது. நின்றுவிட்டோம். புழுதி எங்களைத் தாண்டி முன்னால் போயிற்று.

அந்த ஆட்டோ எப்போது ரோட்டுக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. என் கண் மூடியிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். மகள் விழித்திருந்தாள். பெல்ட் அவளைப் பிடித்திருந்தது. அவளுடைய தண்ணீர்ப் புட்டி உருண்டு என் சீட்டுக்கு அடியில் கிடந்தது. அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் என்னை உடைத்தது. இறங்கிப் போய் அவளை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்று அழுதேன்.

ஆட்டோக்காரர் ஓடி வந்தார். "ஏனுங்க, ஒண்ணும் ஆகலீங்களே? கொழந்தைக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்க. தப்பு என்னோடதுங்க" என்றேன்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க. மொதல்ல தண்ணி குடிங்க." அவரே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "இத இப்படியே ஓட்டாதீங்க. அக்கட்டால ஒரு பட்டறை இருக்குது. நான் முன்னால போறேன், பைய பின்னாலயே வந்துருங்க."

அரைக் கிலோமீட்டர் தூரம். நடக்கிற வேகத்தில் போனோம். ஒவ்வொரு சுற்றுக்கும் இடது பக்கம் இரும்பு இடித்தது.

பெரிய வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. மெக்கானிக்குக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், பேசுவதற்கு முன் கையைத் துணியில் துடைத்துக்கொள்கிற பழக்கம். அவருடைய மனைவி சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு, கொட்டகையின் மறுபக்கத்தில் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். டயர் வேலையும் சக்கரங்களை நேர் பார்க்கிற வேலையும் அந்த அம்மாவுடையது என்று அப்புறம் தெரிந்தது.

மெக்கானிக் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்பக்க மூலையில் இரண்டு கையையும் வைத்து அமுக்கிவிட்டு எடுத்தார். கார் ஆடியது.

"பாருங்க. ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு. நல்லா இருந்தா ஒருக்கா மேல வந்து அப்படியே நின்னுக்கோணுங்க." சக்கரத்துக்கு உள்ளே கையை விட்டு எடுத்துக் காட்டினார், விரலெல்லாம் கறுப்பு எண்ணெய். "ஆயில் பூரா வெளிய வந்துருச்சு. டயரத் தடவிப் பாருங்க."

தடவினேன். ரப்பர் ஒரே சீராக இல்லாமல் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தது.

"எத்தனை நாளா ஆடுதுங்க?"

"ஒரு வாரமா…"

அவர் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"இல்லீங்க. நாலரை மாசமா ஆடுது. தெரிஞ்சேதான் ஓட்டினேன். ஆடினாத்தான் இவ தூங்கறா."

இதைச் சொன்னதும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் குழந்தையைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "ஸ்பிரிங்கு ஆடத்தானுங்க செய்யும். அத அடக்கறதுக்குத்தான் ஷாக்கு. அது போச்சுன்னா டயரு ரோட்டுல ஒட்டாது, அந்தரத்துல போற மாதிரி. பிரேக்கு நிக்காதுங்க" என்றார், ரொம்பப் பொறுமையாக. "முன்னால ரெண்டும் ஸ்ட்ரட்டோட, ஷாக்கு அடங்கின அந்தக் குழாயோட மாத்தோணும். பின்னால ரெண்டு ஷாக்கு. இந்த வண்டிக்கு எங்கிட்ட இல்லீங்க. சொல்லிவிட்டா நாளைக்குத்தான் வரும். கோயமுத்தூர்ல இருந்து யாராச்சும் இன்னைக்கே வாங்கியாந்தா பொழுதோட முடிச்சுக் குடுத்தர்றேன்."

கணவரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன், கண்ணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"பாப்பா?" என்றார்.

"நல்லா இருக்கா."

"நீ?"

"ம்."

மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரிடமோ பேனா கேட்டார். "மெக்கானிக்குட்ட போனக் குடு. என்ன என்ன வேணும்னு எழுதிக்கறேன். நானே வாங்கிட்டு பஸ்ல வாரேன்" என்றார்.

சக்கரங்களைக் கழற்றி, காரை நாலு தாங்கிகள்மேல் நிறுத்தினார்கள். சக்கரம் இல்லாமல் பார்க்க அது ஏதோ பிராணி காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது. மகளுடைய தூக்கம் பாதியில் கலைந்திருந்தது. கண்ணைக் கசக்கினாள். அழ ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டு வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நிழல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது. அவள் அழுகையை நிறுத்தவில்லை.

மெக்கானிக்கின் மனைவி கையைக் கழுவிவிட்டு, ஒரு கிண்ணத்தில் பருப்புச் சாதம் பிசைந்து கொண்டுவந்தார். "இந்தாங்கம்மிணி, ஊட்டுங்க. பசியா இருக்கும்." மகள் நாலு வாய் வாங்கிக்கொண்டாள். அந்த அம்மா எதிரில் ஒரு டயர்மேல் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க சாடை இல்லீங்களே. அவங்கப்பா மாதிரிங்களா?"

இந்தக் கேள்விக்கு நான் பழகியிருந்தேன். கடையில், கோவிலில், பக்கத்து வீட்டில் எல்லா இடத்திலும் கேட்டார்கள். எதையாவது சொல்லி மழுப்புவேன். எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் வேறு விதமாகக் கேட்டார்கள். எந்த ஆளுகளோ என்னவோ, விசாரிச்சுட்டீங்களா என்றார்கள். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதை நாங்கள் நிறுத்தியிருந்தோம். அன்று எனக்கு மழுப்புவதற்குத் தெம்பு இல்லை.

"தத்தெடுத்த குழந்தைங்க. வந்து நாலரை மாசம் ஆச்சு."

"அப்படிங்களா" என்றார். கீழே சிந்தியிருந்த ஒரு பருக்கையை எடுத்து ஓரமாகப் போட்டார். "அப்ப இன்னும் புது எடந்தானுங்களே அதுக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார் என்று காத்திருந்த என் உடம்பு அப்போதுதான் மெல்லத் தளர்ந்தது. நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தூங்காதது, தொட்டிலைக் கண்டு அலறுவது, நான் தினமும் ரோடு ரோடாக அலைவது.

"எனக்கும் அப்படித்தானுங்க" என்றார் அவர். "எங்கூரு பல்லடத்துக்குப் பக்கம். ஊட்டுக்கு அந்தச் செவுத்துல தறி. பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டேன். கண்ணாலம் பண்ணி இங்க வந்தா ஒரே அமைதி. பூச்சி கத்தறது கேக்குது. தூக்கமே வல்ல. இவங்ககிட்டச் சொல்றதுக்கும் வெக்கம். மோட்டார் ரூமு வாசல்ல போயி உக்காந்துக்குவேன், அந்தச் சத்தத்துக்காக."

"அப்புறம் எப்படித் தூங்கினீங்க?"

அவர் யோசித்தார். "தெரியலீங்க. எப்பவோ ஒரு நாள் தூங்கிப்போட்டேன்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. உள்ளே போய்க் கயிற்றுக் கட்டில் ஒன்றை இழுத்துவந்து மரத்தடியில் போட்டார். "சித்த நேரம் சாயுங்க. உங்க ஊட்டுக்காரரு வர்றதுக்கு மூணு மணி ஆயிரும்."

உட்காரத்தான் நினைத்தேன். மகள் சிணுங்கிக்கொண்டு என்மேல் ஏறிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சாய்ந்தேன். வேப்பிலைகளுக்கு நடுவே வெயில் துண்டு துண்டாக அசைந்தது. எங்கோ எண்ணெய் மில்லின் சத்தம். அவளைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கைக்குச் சொன்னேன். கை கேட்கவில்லை.

கனவில் அந்தக் கொப்பரைக் களம் வந்தது. வெள்ளைத் தேங்காய் மூடிகளெல்லாம் தண்ணீரில் மிதந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம் இருந்தது. நான் அவற்றுக்கு நடுவே நின்று யாரையோ கூப்பிட வேண்டும், பெயர் வரவில்லை. ஆனாலும் பயம் இல்லை.

திடுக்கிட்டு விழித்தேன். குழந்தை! முதலில் ஒன்றும் புரியவில்லை. என் வயிற்றின்மேல் ஏதோ வெதுவெதுப்பாகக் கனத்தது. அவள்தான். குப்புறப் படுத்து, கன்னத்தை என் நெஞ்சில் அழுத்தி, ஜொள்ளு வடிய, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். யாரும் ஆட்டவில்லை. யாரும் தட்டவில்லை. நான் விழித்து அவளைக் காவல் காக்கக்கூட இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டயரின்மேல் என் கணவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள் இரண்டு. முன்பு எங்கள் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த கடையின் பைகள். இப்போது அவற்றிலிருந்து ஸ்ட்ரட் பெட்டிகள் நீட்டிக்கொண்டிருந்தன. வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

"எப்ப வந்தீங்க?" என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"முக்கால் மணி நேரம் ஆச்சு" என்றார் குசுகுசுவென்று. "அவருதான், பாப்பா எந்திரிக்கட்டும், சுத்தியல் எடுத்தா முழிச்சுக்கும்னாரு."

பார்த்தேன். மெக்கானிக் கொட்டகை நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏதோ நட்டுகளை மண்ணெண்ணெயில் போட்டுச் சத்தமில்லாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி லாரிக்காரர் ஒருவரிடம் கையை அசைத்து வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பட்டறையே எங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது.

அவள் இன்னும் அரை மணி நேரம் தூங்கினாள். விழித்ததும் வழக்கம்போல் சுற்றிப் பார்த்தாள். நான் இருந்தேன், அப்பா இருந்தார். அப்புறம் மரத்தைப் பார்த்தாள்.

வேலை மளமளவென்று நடந்தது. மெக்கானிக் பிரேக் குழாயை விடுவித்து, கீழே இரண்டு போல்ட்டுகளையும் பானட்டுக்குள் மேலே மூன்று நட்டுகளையும் கழற்றி, ஸ்ட்ரட்டை ஸ்பிரிங்கோடு முழுசாக வெளியே எடுத்தார். ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இறுக்கும்போது எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். "இது மட்டும் கை தவறினா ஆளக் கொன்னுபோடுங்க." இறுக்கிய ஸ்பிரிங்கிலிருந்து பழைய ஸ்ட்ரட்டை உருவி எடுத்து, அதன் தண்டை ஒரு விரலால் அமுக்கினார். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போயிற்று. போனது போனதுதான், திரும்பி வரவில்லை.

பெட்டியிலிருந்து புதியதை எடுத்து அதே மாதிரி அமுக்கினார். இரண்டு கையும் உடம்பின் பாரமும் வேண்டியிருந்தது. விட்டதும் தண்டு தானாக, மெதுவாக, நிதானமாக மேலே எழுந்து வந்தது. கணவரின் இடுப்பிலிருந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஆ" என்று கையை நீட்டினாள். எதையும் வேண்டும் என்று அவள் கை நீட்டி நாங்கள் பார்த்ததே இல்லை. மெக்கானிக் இன்னொரு முறை அமுக்கி விட்டார். "ஆ." இன்னொரு முறை. முகத்தில் சிரிப்பே இல்லாமல், ஏதோ பரிசோதனை செய்கிறவர் மாதிரி ஆறு ஏழு தடவை அமுக்கிக் காட்டினார். அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது.

பின்பக்கத்து இரண்டையும் மாட்டி முடித்த பிறகு, அவர் மனைவி சக்கரங்களை நேர் பார்க்கக் காரை எடுத்துக்கொண்டு போனார். நானும் கணவரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். மகள் எங்களுக்கு நடுவே நின்று, கட்டில் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் தூங்கிட்டேன்னு நினைக்கிறேன்" என்றேன். "ஓட்டும்போது. அந்த ஆட்டோவ நான் பாக்கவே இல்ல."

அவர் மகளின் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு வேப்பிலையை எடுத்தார்.

"நீ ஏன் பட்டறைக்கு விடலைன்னு எனக்குத் தெரியும்" என்றார். "கேக்காமயே இருந்துட்டேன். மத்தியானம் ரெண்டு மணி நேரமாவது அவ தூங்கறா, கார் எப்படிப் போனா என்னன்னு இருந்துட்டேன். தினமும் சோதனை பண்றதுதான் என் வேலை. ஒரு பம்ப் இந்த மாதிரி ஆடினா வெளிய விடுவனா?" நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையில் பெட்டியின் அட்டைத் தூளும் பஸ் கம்பியின் இரும்பு வாசமும் இருந்தன.

கிளம்பும்போது மெக்கானிக்கின் மனைவி ஜன்னல் வழியாகக் குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டார். "போயிட்டு வாங்க கண்ணு. அம்மாவத் தூங்க உடோணும், என்ன?"

கணவர் ஓட்டினார். நான் பின்னால் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வேகத்தடையில் ஏறியது, இறங்கியது, நின்றுகொண்டது. ரோட்டின் ஒவ்வொரு சொரசொரப்பும் காலுக்குத் தெரிந்தது. இத்தனை மாதம் நான் மிதந்துகொண்டே போன அதே ரோடு இப்போது கெட்டியாக, பக்கத்தில் இருந்தது.

நான் பயந்த மாதிரியே அவள் தூங்கவில்லை. ஆனால் அழவும் இல்லை. இந்த வழியில் எத்தனையோ முறை வந்திருக்கிறாள், ஒரு முறைகூட இதைப் பார்த்ததில்லை. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கொப்பரைக் களத்தில் பெண்கள் காய்ந்ததைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை முழுவதும் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. காற்றாலைகள் வந்தபோது அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். இறக்கை சுற்றச் சுற்ற அவள் தலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மிச்ச வெளிச்சத்தில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லலாம்தான், ஆனால் அப்படி நடக்கவில்லை. மறுநாள் அவள் தூங்கவில்லை. அதற்கடுத்த நாளும். ஒரு முறை பழைய பழக்கத்தில் சூலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். வழி நெடுக முழித்துக்கொண்டு, எண்ணுவதுபோல் மாடுகளைப் பார்த்தாள். அதோடு அந்தப் பயணங்களை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக மத்தியானத்தில் அவளை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டு நான் படுத்துக்கொள்வேன். சில நாள் நான் மட்டும் தூங்கினேன். அவள் என் மூக்கைத் திருகிக்கொண்டிருப்பாள். சில நாள் இருவருமே. தொட்டிலை அவிழ்த்து, சேலையைத் துவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஜூனில் நான் பள்ளிக்குத் திரும்பினேன். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறையிலிருந்து வெளியே வந்தபோது வீடு சந்தடியில்லாமல் இருந்தது. ஹாலில் கணவர் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். முன்னால் செய்தித்தாள் விரித்திருந்தது. அவருடைய இடது முன்கையில் தலையை வைத்து, தரையிலேயே, காலைப் பரப்பிக்கொண்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். விளையாடிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம்.

"எவ்ளோ நேரமா?" என்று கேட்டேன்.

"ஒன்பது மணியில இருந்து."

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால். அத்தனை நேரமும் அவர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார், திருப்ப ஒரு கைதான் இருந்ததால். கை மரத்துப் போய்விட்டது என்றார். தண்ணீர் வேண்டும் என்றார். ஆனால் அவளை எடுக்க விடவில்லை. நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, அவர் வாயருகே பிடித்து, சிந்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன்.